ரேகை வைக்காதவள்

(குடும்ப வரலாறு எழுதுவது குறித்து மாணவர்கள் கூட்டிய அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு மொழி பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



கவிதை பற்றிப் பேசச் சொல்லித்தான் எனக்குக் கடிதம் வந்தது. இந்த அரங்கத்துக்கு நீங்கள் வைத்திருக்கிற தலைப்பைப் பார்த்ததும் எனக்கு எங்க ஆயா ஞாபகம் வந்துவிட்டது. வடாற்காடு பக்கம் பாட்டியை நாங்க ஆயான்னுதான் கூப்பிடுவோம். அதனால கவிதையை இன்னொரு நாளைக்கு வெச்சிக்கலாம். இன்னைக்கு ஆயா.

நான் வங்கியில் குமாஸ்தா. பகல் முழுக்க மத்தவங்க கையெழுத்தையும் கைநாட்டையும் சரிபார்க்கிற வேலை. கைநாட்டு என்கிற சொல்லை நம்ம நாட்டில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். படிக்காதவன், முட்டாள், ஏமாத்தினால் ஏமாறக் கூடியவன், எல்லாத்துக்கும் அது ஒரே வசவு. என் மேசையில் ஒரு மைப்பெட்டி இருக்கிறது. ஒரு கிழவியின் விரலைப் பிடித்து அதில் அழுத்தும்போதெல்லாம் எங்க ஆயா பின்னாடி நின்னு பாத்துக்கினு இருக்கிற மாதிரியே இருக்கும். ஏன்னா, அவள் ரேகை வைக்காதவள்.

அவள் பேரை இங்கே சொல்லப் போவதில்லை. ஊர்ப் பேரையும் சொல்லவில்லை. அங்கே இன்னும் எங்க சனம் இருக்குது. ஒருமுறை ஆயாவோட செருப்புக்குத் தெண்டம் கட்டின குடும்பம் அது. அந்தக் கதை பின்னால் வரும்.

ஆயா எப்போ பிறந்தாள் என்று கேட்டால் தேதி சொல்ல மாட்டாள். "ரேகை ஸ்ட்ரைக்குல பொறந்தேன்" என்பாள். ரொம்ப நாள் அது ஏதோ பழைய ஆளுங்க கணக்கு என்று விட்டுவிட்டேன். வங்கியில் சேர்ந்த பிறகுதான் அந்த ஸ்ட்ரைக்கைப் பற்றித் தேடிப் படித்தேன். 1930 ஏப்ரல்.

1930 ஏப்ரல் என்றதும் படித்தவர்களான உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? உப்பு. ஏப்ரல் 6 தண்டியில் காந்தி உப்பு எடுத்தார். 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியிருக்கிறோம். அதே ஏப்ரல் மாதத்தில், கோலார் தங்கவயலில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வடாற்காடு, சித்தூர், சேலம் பக்கத்திலிருந்து போன நம்ம சனங்கள். தொழிலாளிகளைப் பதிவு செய்ய ஒவ்வொருவரும் விரல் ரேகை வைக்க வேண்டும் என்று கம்பெனி சொன்னது. வைக்க மாட்டோம் என்றார்கள். மூன்று வாரம் போல வேலைநிறுத்தம் நடந்தது. எந்தப் பரீட்சையிலும் இந்தக் கேள்வி எனக்கு வந்ததில்லை. தென்னாப்பிரிக்காவில் ரேகைப் பதிவை எதிர்த்து காந்தி நடத்திய போராட்டம் பாடத்தில் இருக்கிறது. பங்காருபேட்டையிலிருந்து ஒரு கிளை ரயிலில் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் நடந்த ரேகைப் போராட்டம் இல்லை. ஏன் இல்லை என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ரேகை என்றால் அன்றைக்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் சொல்கிறேன். 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்கிற வெள்ளை அதிகாரி ஒரு காண்ட்ராக்டரின் கையை மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் பதிக்க வைத்தான். பின்னால் பேச்சு மாறாமல் இருப்பதற்கு. 1897இல் கல்கத்தாவில் குற்றவாளிகளை அடையாளம் காண ரேகைப் பிரிவு தொடங்கினார்கள். குற்றப்பரம்பரைச் சட்டம் மதுரைப் பக்கம் வந்தபோது சனங்கள் அதற்கு வைத்த பேரே ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 பெருங்காமநல்லூரில் அதை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மேல் போலீஸ் சுட்டதில் பதினாறு பேர் செத்தார்கள். இன்றைக்குச் சாதியாக யார் எங்கே நிற்கிறோம் என்பது வேறு பேச்சு. அன்றைக்கு ரேகை கேட்டவன் எல்லோரையும் ஒரே புத்தகத்தில்தான் எழுதினான். அந்தப் புத்தகத்துக்குப் பேர் திருடன்.

தங்கவயலில் இது இன்னும் ஆழமாய்க் குத்தியிருக்க வேண்டும். ஷிப்டு முடிந்து மேலே வருகிறவனை உடம்பு முழுக்கத் தடவிச் சோதிப்பார்கள், தங்கம் ஒளித்திருக்கிறானா என்று. தினமும் திருடன் மாதிரி நிற்க வைத்தது போதாமல், நிரந்தரமாகத் திருடன் என்று எழுதி வைக்கக் கேட்டால் யார் கொடுப்பான்? ஆயாவோட அம்மா நிறைமாசம். வீட்டில் கூலி நின்று போச்சு. பக்கத்து வீட்டுக் கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் பெத்திருக்கிறாள். "எங்கம்மா எனக்குப் பால் குடுக்கறதுக்கு மின்னாடியே ரேகை குடுக்க மாட்டேன்னு சொல்லிக் குடுத்துட்டா" என்பாள் ஆயா. இது வரலாற்று ஆவணமா என்று கேட்டால், இல்லை. எங்க குடும்பத்தில் இருக்கிற ஒரே ஆவணம் இதுதான்.

எங்க ஆளுங்க தங்கவயலுக்குப் போன கதையும் இப்படி வாய்வழியாகத்தான் வந்தது. தாது வருசப் பஞ்சம் ஊரைக் காலி பண்ணினது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கம் எடுத்தது. பண்ணையில் கட்டுண்டு கிடந்தவனுக்கு அது ஒரு வழி. போன இடம் சொர்க்கம் என்று சொல்லவில்லை. மூங்கில் தட்டியில் அடைத்த வீடு. வெளியே வெள்ளையாய்க் குமிந்த சயனைடு மேடு, காத்தடிச்சா சோத்துல மண்ணு. உள்ளே சாம்பியன் ரீஃப் சுரங்கம் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். அதற்கு ஏர் பிளாஸ்ட் என்று பேர். அப்படி வெடிக்கிறபோது மேலே அடுப்பில் இருக்கிற பானை ஆடும். ஆடின உடனே எல்லாப் பொம்பளைகளும் ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள். இருந்தாலும் மாசம் பிறந்தால் கையில் காசு. கும்பிடு போடாமல் வாங்குகிற காசு. அந்தக் காசுதான் எங்க சனத்துக்கு முதுகெலும்பு வைத்தது என்று நான் நினைக்கிறேன்.

முதுகெலும்போடு இன்னொன்றும் அங்கே கிடைத்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அவருடைய பௌத்தம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேர் பிடித்தது. பண்டிதர் 1914இல் மறைந்தபின், 1926இலிருந்து தங்கவயலிலேயே ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழை மறுபடி நடத்தினார். சுரங்கத்தில் பாறை தோண்டின கை ராத்திரி பத்திரிகையைப் பிரித்துப் படித்திருக்கிறது. ஆயாவோட அப்பா அப்படிப் படித்தவர். அவர் தகரப் பெட்டியில் பழைய இதழ்களைக் கட்டிக் கட்டி வைத்திருந்தாராம். பையன்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், பெண்ணை அனுப்பவில்லை. தண்ணி பிடிக்க ஆள் வேண்டுமே. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆயா தம்பிக்குப் பின்னாடி நின்னு எழுத்தைக் கத்துக்கிட்டாள். அந்தப் பெட்டிக் கட்டைப் பிரித்து எழுத்துக்கூட்டினாள். கடைசிவரைக்கும் தன் பேரின் ஆறு எழுத்தையும் வேலி நட்ட மாதிரி ஒவ்வொண்ணா நட்டுத்தான் எழுதுவாள்.

பதினாறு வயசில் கல்யாணம். தாத்தா சுரங்கத்துக்குள்ளே வேலை. கருத்த, அதிகம் பேசாத மனுசன் என்று சொல்வார்கள். ஆயா விடியற்காலம் மூணு மணிக்கு எழுந்து இட்லி ஊத்துவாள். முதல் ஷிப்டு சங்கு ஊதறதுக்குள்ள வித்துட்டு வந்துடுவாள். சாயந்தரம் கறி வறுவல். என்ன கறி என்று இந்த அரங்கில் சொல்ல வேண்டியதில்லை. "மாட்டுக் கறின்னு சத்தமா சொல்லித்தாண்டா விப்பேன், மெதுவா சொன்னா வெல கொறச்சி கேப்பான்" என்பாள்.

இப்போ செருப்புக் கதை. குடியாத்தம் பக்கம் எங்க பூர்வீக ஊரில் ஒரு சாவு. ஆயாவும் தாத்தாவும் ரயிலில் போய் இறங்கினார்கள். ஆயா காலில் செருப்பு, கையில் குடை. காலனிக்குப் போகிற வழி ஊர்த்தெரு வழியாகத்தான். சுத்துவழி ஒண்ணு இருந்தது, ஏரிக்கரை மேல். தாத்தா ஏரிக்கரைப் பக்கம் திரும்பிவிட்டார். ஆயா நேராய்ப் போய்விட்டாள். திண்ணையில் இருந்தவர் செருப்பைக் கழட்டு என்றிருக்கிறார். ஆயா கேட்டாளாம்: "ரயில்ல டிக்கட்டு வாங்கினேன், செருப்போடதான் ஏத்தினான். ஒன் தெருவுக்கு இன்னா டிக்கட்டு, சொல்லு, வாங்கறேன்."

சின்ன வயசில் இந்த இடத்தில் நாங்க எல்லாரும் கைதட்டுவோம். நான் இதை வைத்து ஒரு கவிதை எழுதி, அது அச்சாகி, பாராட்டும் வந்தது. கவிதை அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. கதை முடியவில்லை. மறுநாள் ஊரில் கூட்டம் போட்டார்கள். தாத்தாவோட அண்ணன், அந்த ஊரிலேயே கூலிக்கு இருந்தவர், தெண்டம் கட்டினார். கட்டினதோடு விடவில்லை, காலில் விழ வைத்தார்கள். ஆயாவும் தாத்தாவும் ராத்திரி ரயிலுக்குத் தங்கவயல் போய்விட்டார்கள். பெரிய தாத்தா போக இடம் இல்லாதவர். முப்பது வருசம் அவர் ஆயாவிடம் பேசவில்லை.

அவர் செத்த பிறகு ஒருநாள் ஆயா என்னிடம் கேட்டாள். "ஏன் நைனா, நா அன்னிக்கி கழட்டிட்டு போயிருக்கணுமா?" பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்த நான் வீராவேசமாக, கூடவே கூடாது என்றேன். அவள் சிரிக்கவில்லை. "ஒனுக்கு இன்னா தெரியும், உழுந்தது அவுரு" என்றாள்.

தோழர்களே, நாம் எழுதுகிற கவிதைகளிலும் கட்டுரைகளிலும் கலகக்காரி கலகம் பண்ணிவிட்டுப் போய்விடுகிறாள். அடுத்த நாள் யார் காலில் விழுந்தார் என்று எழுதுவதில்லை. மாசச் சம்பளமும் ராத்திரி ரயிலும் இருந்தவளுக்கு நிமிர முடிந்தது. நிலமும் கூலியும் அதே தெருக்காரன் கையில் இருந்தவருக்கு முடியவில்லை. பெரிய தாத்தாவைக் கோழை என்று சொல்கிற எந்தக் குடும்ப வரலாறும் எனக்கு வேண்டாம். ஆயாவே அப்படிச் சொன்னதில்லை.

தாத்தா இருமி இருமிச் செத்தார். நெஞ்சில் பாறைத்தூள். அப்போ எங்கப்பாவுக்குப் பத்து வயசு. சாவுச் செலவுக்கு வட்டிக்காரனிடம் போனாள் ஆயா. அவன் வெத்துத் தாளை நீட்டி, மைப்பெட்டியைத் திறந்தானாம். "பேனா குடு" என்றாள். "ஒனக்கு இன்னாத்துக்கு பேனா?" "எளுதறதுக்கு." எழுதின தாளில்தான் கையெழுத்துப் போடுவேன், தொகையை எழுத்தாலயும் எழுது என்று உட்கார்ந்துவிட்டாள். அவன் கொடுக்கவில்லை. பணம் இல்லாமல் வந்தாள். தன் மூக்குத்தியை விற்றாள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஏறக்குறைய 800 டன் தங்கம் தோண்டி எடுத்த வயல் அது. எங்க வீட்டில் இருந்த தங்கம் அந்த மூக்குத்தி ஒண்ணுதான். அதே லைனில் வெத்துத் தாளில் நாட்டு வைத்த குடும்பங்கள் எத்தனை வருசம் கட்டினார்கள் என்று ஆயா விரல்விட்டு எண்ணிச் சொல்வாள்.

இயக்கத் தோழர்களுக்கும் ஆயாவிடம் பாக்கி இருக்கிறது. ஒரு ஏப்ரல் 14. எங்க தெருவில் அண்ணன்மார்கள் கூட்டம் போட்டார்கள். மேடையில் எல்லாம் ஆம்பிளைங்க. பொம்பளைங்க டீ போட்டுக்கினு இருந்தார்கள். ஆயா டீத் தட்டோடு மேடை ஏறி, மைக்கைப் பிடித்துக் கேட்டாள்: "அம்பேத்கரு பொண்டாட்டி பேரு இன்னா? யாரனா சொல்லுங்க, டீ குடுக்கறேன்." சொல்ல ஆளில்லை. "ரமாபாய்" என்று சொல்லிவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். 1935இல் செத்துப்போன அந்த அம்மா, அஞ்சு பிள்ளை பெத்து நாலைப் பறிகொடுத்தவங்க. அவங்க பட்டினியிலதான் அவரோட படிப்பு நடந்தது. அன்றைக்குக் கூட்டம் டீ இல்லாமலே முடிந்தது. அப்போ மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த எனக்குப் பத்து வயசு. அதற்கப்புறம் எத்தனையோ கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். டீயை யார் போட்டார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்ததில்லை. இன்றைக்கு இந்த அரங்கத்துக்குள் வரும்போது பார்த்தேன். கேட்க வேண்டிய கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

2001 பிப்ரவரி 28 சுரங்கத்தை மூடினார்கள். அப்பாவுக்கு வேலை போனது. சுத்திச் சுத்தி நாங்க குடியாத்தம் பக்கம் அந்த ஊருக்கே திரும்பி வந்தோம். ஆயாவுக்கு எழுபத்தொரு வயசு. முதல் நாளே செருப்பைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு வழியாக நடந்து போய்க் கடையில் வெத்தலை வாங்கி வந்தாள். யாரும் ஒண்ணும் சொல்லவில்லை. ஆனாலும் திருவிழாவுக்குத் தேர் காலனிப் பக்கம் திரும்புவதில்லை.

இனிமேல் சொல்லப் போவது என்னைப் பற்றி. இதைச் சொல்லத்தான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

2012இல் எனக்கு வங்கி வேலை கிடைத்தது. அடுத்த வருசம் ஒருநாள், சொல்லாமல் கொள்ளாமல் ஆயா வங்கிக்கு வந்துவிட்டாள். வாய் நிறைய வெத்தலை. கையில் தூக்கு, எனக்குப் பிடித்த கறி. கவுண்டருக்கு எதிரில் நின்று, "டேய் நைனா" என்று சத்தமாய்க் கூப்பிட்டாள். எல்லாரும் திரும்பினார்கள். பக்கத்து இருக்கை நண்பர், "யாரு சார்?" என்றார். நான், "ஊர்லேர்ந்து வந்திருக்காங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். பொய்கூட இல்லை. ஊரிலிருந்துதான் வந்திருந்தாள்.

ஆயாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். தூக்கை மேசையில் வைத்துவிட்டு, "வரேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சார் என்றாள். ராத்திரி வீட்டில், எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஒன்ன எவன்டா செருப்ப கழட்டச் சொன்னான்? எவனும் சொல்லல. நீயே கழட்டிட்ட." என்னால் சாப்பிட முடியவில்லை. இன்றைக்குவரைக்கும் அந்தச் சோற்றை நான் முழுங்கவில்லை என்றுதான் சொல்வேன்.

பெரிய தாத்தாவை நாலு பேர் சேர்ந்து விழ வைத்தார்கள். என்னை யாரும் தொடவே இல்லை. சம்பளம், நாற்காலி, மின்விசிறி, சார் என்கிற மரியாதை எல்லாம் இருந்தும் நான் விழுந்தேன். படித்து வேலைக்குப் போன நம்மில் பலர் இப்படி ஒரு கவுண்டருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறோம். சாதி நம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று புத்தகத்தில் தேட வேண்டாம். நம் வீட்டுக் கிழவிகள் நம் ஆபீசுக்கு வந்தால் என்ன சொல்லி அறிமுகப்படுத்துவோம் என்று யோசித்துப் பார்த்தால் போதும்.

பிறகு ஆதார் வந்தது. பத்து விரலும் வைக்கச் சொன்னார்கள். இல்லாவிட்டால் முதியோர் பணம் வராது என்றார்கள். ஆயா முடியாது என்றாள். "எங்கம்மா வெக்கலடா." நான்தான் பேசிப் பேசி, "இது வேற ஆயா, இது நம்ம உரிமைக்கு" என்றெல்லாம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேன். எண்பத்துச் சொச்சம் வருசம் வைக்காதவளை வைக்க வைத்தவன் நான்.

மெஷின் எடுக்கவில்லை. துடைத்து வைத்தார்கள். எண்ணெய் தடவி வைத்தார்கள். ஈரத்துணியில் துடைத்தார்கள். மாவாட்டி, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்து, புளி கரைத்து, கறி நறுக்கின விரல்கள். அந்தப் பையன் சலித்துப் போய், "பாட்டி, ஒன் கையில ரேகையே இல்ல" என்றான். ஆயாவுக்கு வந்ததே ஒரு சிரிப்பு. வெத்தலை தெறிக்கச் சிரித்தாள். "எங்கம்மா குடுக்காதத நானு குடுத்துடுவேனோன்னு பயந்தேன். அது தானா தேஞ்சி போயிட்ச்சி பாரு!" எப்படியோ அட்டை வந்தது. பணம் எடுக்கும்போது மறுபடி ரேகை படியவில்லை. மாசக்கணக்கில் பணம் நின்றது. நான் உள்ளே இருக்கிறவன், நடையாய் நடந்து சரிபண்ண முடிந்தது. பேரன் உள்ளே இல்லாத கிழவிகள் என்ன பண்ணினார்கள்?

2017இல் ஆயா போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருசம், 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரேகை ஒத்துப் போகவில்லை என்பதற்காக யாருக்கும் சேர வேண்டியதை மறுக்கக் கூடாது, வேறு வகையில் அடையாளம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அதில் இருக்கிறது. என் கவுண்டருக்கு வருகிற கிழவிகளில் யாருக்கும் இது தெரியாது. அவர்கள் விரலைத்தான் தப்பு என்று நினைக்கிறார்கள். "எங் கை சரியில்ல சார்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். உழைத்துத் தேய்ந்த கை மன்னிப்புக் கேட்கிறது, தோழர்களே.

அதனால் உங்களிடம் இரண்டு வேலை கேட்கிறேன். ஒன்று, ஊருக்குப் போனதும் உங்கள் ஆயாவை, அப்பாயியை, அம்மாச்சியை உட்கார வைத்து எழுதுங்கள். பெருமையை மட்டும் எழுதாதீர்கள். யார் விழுந்தார், யார் தெண்டம் கட்டினார், யார் டீ போட்டார், எல்லாம் எழுதுங்கள். இரண்டு, உங்கள் காலனியில் ரேகை படியாததால் பணம் நின்றுபோன கிழவிகளின் பட்டியல் எடுங்கள். மனு எழுதித் தீர்ப்பின் தேதியைப் போட்டுக் கூடவே போய் நில்லுங்கள். வங்கியில் இருக்கிற நம்ம ஆட்களைத் தேடிப் பிடியுங்கள். நாங்கள் இருக்கிறோம். ஒளிந்துகொண்டிருக்கிறோம், கூப்பிட்டால் வருவோம்.

ஆயாவோட தகரப் பெட்டியில் அவள் அப்பாவுடைய இதழ்க்கட்டு இல்லை. செல்லரித்துப் போயிருக்கும். அவளுடைய பழைய வங்கிப் புத்தகம் ஒன்று இருந்தது. உள்ளே அந்த ஆறு எழுத்து, வேலி நட்ட மாதிரி. அதை என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறேன். அதே பக்கத்து இருக்கை நண்பர் ஒருநாள், "யாருது சார் இது?" என்று கேட்டார்.

"எங்க ஆயாவுது" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

ஜெய்பீம்.